சர்வரின் தலைமேல் பச்சைப் பொட்டலம்

தைபே நகரின் நெய்ஹூ பகுதியில் உள்ள எங்கள் அலுவலகத்தில், யாரும் வாய்விட்டுச் சொல்லாத, ஆனால் எல்லோரும் கடைப்பிடிக்கிற விதி ஒன்று உண்டு: சர்வர் கணினியின் தலைமேல் வைத்த பச்சைப் பொட்டலத்தைத் தின்னக் கூடாது. உள்ளே இருப்பது தேங்காய் மணக்கும் சோள நொறுக்குத்தீனிதான். ஆனால் அது அங்கே இருக்கும்வரை இயந்திரம் சமர்த்தாக நடந்துகொள்ளும். மஞ்சள் உறை ஆகாது. கெடு தாண்டியதும் ஆகாது. தைபே முழுவதும் இதே ஏற்பாடுதான்.

சிறிய மடிக்கணினிகளின் அடுத்த ஆண்டுச் சந்தையைக் கணிப்பது யுன்சென்னின் பொறுப்பு. அவளுடைய அறிக்கையை நம்பித்தான், புதிய ஆலை கட்டுவதா வேண்டாமா என்று தயாரிப்பாளர் லியாவ் அன்று பிற்பகல் முடிவெடுக்கவிருந்தார். காலையில் இயந்திரம் வரைந்த விற்பனைக் கோடோ, மாடிப்படியில் தவறவிட்ட உருளைக்கிழங்கைப் போல இறங்கியது. மக்கள் டேப்லெட்டுக்குத் தாவிக்கொண்டிருந்தார்கள்.

மேலாளர் கூ கோட்டைப் பார்க்கவில்லை. பொட்டலத்தின் தேதியைப் பார்த்தார்.

"நெனச்சேன்! கெடு முடிஞ்சு போச்சு. அதான் மெஷின் கோவிச்சுக்கிச்சு."

"மெஷின் நல்லாத்தான் இருக்கு சார். சந்தைதான் படுத்துடுச்சு."

"மெதுவாப் பேசும்மா, அது காதுல விழப்போகுது!"

புதுப் பொட்டலம் வந்தது; கோடு இறங்கியது. மூன்றாக வைத்தார், சற்று வேகமாகவே இறங்கியது.

லியாவ் வந்ததும் கூ குழைந்தார். "மன்னிக்கணும் தலைவரே, மெஷினுக்கு இன்னிக்கு உடம்பு சரியில்ல. குணமானா கோடு தானா ஏறிடும்."

"அடடா, பச்சைதானே வச்சீங்க? எங்க ஆலையில எவனோ மஞ்சள வச்சுட்டான். பாவம், மெஷின் எழுந்திரிக்கவே இல்ல." லியாவ் பேனாவைத் திறந்தார். "சரி, ஏறும்னே வச்சுக்கறேன். ஆலைக்குக் கையெழுத்துப் போட்டுடறேன்."

"போடாதீங்க!" யுன்சென் எழுந்தாள். "அறிக்கையில இருக்கறது என் பேரு. பொட்டலம் வச்சாலும் கோடு இறங்குது. இல்லாட்டி என்ன ஆகுதுன்னு இப்பவே பாத்துருவோம்."

"ஏய், அதத் தொடாத!"

மூன்று பொட்டலங்களையும் அவள் சர்வரிலிருந்து எடுத்தாள். ஒன்றைக் கிழித்து, எல்லோரும் பார்க்க ஒரு பிடி அள்ளி வாயில் போட்டாள். கூ கண்களை மூடிக்கொண்டார். மென்றபடியே, மறுபடி கணக்கிடச் சொல்லி விசையைத் தட்டினாள். இயந்திரம் எந்த மனத்தாங்கலும் இல்லாமல் அதே கோட்டைக் கீழே இறக்கியது.

லியாவ் பேனாவை மூடினார். யுன்சென் அடுத்த பிடியை அள்ளினாள்.