அதிபரின் அப்பா ஆறு வருடம் செத்திருந்தார்

நாரின் என்கிற மலைப்பிரதேசத்தில் எங்கள் ஊர். விருந்து என்றால் ஆட்டை அறுத்துக் கறியைப் பங்கு போடுவது நான்தான், ஷர்ஷென். எந்த எலும்பு யாருக்கு என்பதில் முப்பது வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் தவறினேன். பாழாய்ப்போன அந்த ஒரு தடவையை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

எங்கள் ஊர் தோரோன்பெக் தேர்தலில் ஜெயித்து நாட்டுக்கே அதிபரானான். குதிரை மேய்க்கும் எசென்குல் பெரியவருக்கு ஒரே மகன். என்னைவிட நாலு வயது சின்னவன், பள்ளிக்கூடத்தில் என் கையால் அடி வாங்கியவன். ஜெயித்த கையோடு ஊரில் விருந்து வைத்தான். கூடவே கேமராக்கள் வந்தன. கறுப்புக் கோட்டுப் போட்ட அதிகாரி ஒருவர் என் அடுப்படிக்கே வந்தார்.

"ஆட்டுத் தலையை அதிபர் முன்னாடி வைங்க."

"அவன் அப்பா உசுரோட இருக்காருங்க. அப்பா இருக்கையில மகன் தலையைத் தொடக் கூடாது. அவரு போன பிறகுதான் அது இவனுக்கு."

"நாட்டுக்கே பெரியவர் அவர்தானே?"

"அப்போ நாட்டு ஆட்டை அறுத்துக்கச் சொல்லுங்க. இது எங்க ஊரு ஆடு."

வீரமாகத்தான் பேசினேன். ஆனால் அவருக்குப் பின்னால் இன்னும் நாலு கறுப்புக் கோட்டு நின்றது. வாயை மூடிக்கொண்டு தட்டைத் தோரோன்பெக் முன்னால் வைத்தேன். 'இது அப்பாவுக்கு' என்று ஒரு வார்த்தை சொல்லுவான் என்று அவன் முகத்தையே பார்த்தேன். அவன் கேமராவைப் பார்த்தான். கத்தியை எடுத்தான். எசென்குல் பெரியவர் எழுந்து, தொப்பியை மாட்டிக்கொண்டு, குதிரையேறிப் போய்விட்டார்.

அன்றோடு மகனிடம் பேச்சு நின்றது. கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்.

"நான் செத்துட்டேன்னு நாட்டுக்கே காட்டிட்டானே. செத்தவன் எப்படிப்பா பேசுவான்?"

சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் பிடிவாதமாகச் செத்திருந்தார். அதிபர் மாளிகையிலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போன் வந்தால், "கல்லறைக்கு லைன் இல்லன்னு சொல்லு" என்பார். மக்கள்தொகை கணக்கெடுக்க வந்த பெண்ணுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்து, "இந்த வீட்டுல யாரும் இல்ல, அப்படியே எழுதிக்கம்மா" என்றார். மகன் அவர் வாசல்வரை தார் ரோடு போட்டுக் கொடுத்தான். அவர் ரோட்டை ஒட்டிய சேற்றிலேயே குதிரையை ஓட்டினார்.

தோரோன்பெக்கின் ஆட்சியும் அப்படி ஒன்றும் மோசமில்லை. யாரையும் ஜெயிலில் போடவில்லை, எதையும் சுருட்டவில்லை. யார் சொன்னாலும் கேட்கமாட்டான், அது ஒன்றுதான் குறை. ஆற்றுக்கு நடுவில் தூண் நிற்காது என்று மீன்பிடிக்கிறவர்கள் தலைபாடாக அடித்துக்கொண்டார்கள். கேட்காமல் பாலம் கட்டினான். இரண்டாம் வருடம் பனி உருகியபோது அது ஆற்றோடு போனது.

அடுத்த தேர்தல் வந்தது. ஓட்டுச்சாவடிக்கு வராத கிழவர்களுக்காக ஓட்டுப் பெட்டியை வீட்டுக்கே எடுத்துப் போவார்கள். நானும் கூடப் போயிருந்தேன். பெரியவர் கதவைப் பாதி திறந்தார்.

"செத்தவன் போட்டா அது கள்ள ஓட்டு. என் மகன் பேரு கெட்டுடும், போங்க."

'என் மகன்' என்று அவர் வாயால் அத்தனை வருடத்தில் அன்றுதான் கேட்டேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினோம்.

தோரோன்பெக் தோற்றான். அடுத்த வாரமே ஒரு பையோடு, பத்துப் பேரோடு நெருக்கியடித்து வேனில் வந்து இறங்கினான். அப்பா வீட்டுக்குப் போகவில்லை. என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, கிண்ணத்தில் தேநீர் ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, ஜெயிச்சவன் கையைக் குலுக்கி, நாற்காலியைக் குடுத்துட்டு வந்தேன். அதுகூடக் கஷ்டமாயில்ல. அப்பா வாசலைத் தாண்ட கால் வரல. தொண்ணூத்தியோரு வயசு. என்கிட்ட ஒரு வார்த்தை பேசாமலே நிஜமா போய்ட்டார்னா?"

"கத்தியை எடுத்தப்போ இந்த யோசனை எங்க போச்சு?"

என் மனைவி சாய்ரா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்: "செத்தவருக்கு நினைவு விருந்து வைக்கணும்ல? ஆறு வருஷமா வைக்காம இருக்கீங்க. வச்சிடுங்க."

"உசுரோட இருக்கறவருக்கா அண்ணி!"

"அவருதானே இல்லேங்கறாரு?"

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் பிடித்துக்கொண்டேன். ஊர் முழுக்கச் சொல்லி அனுப்பினோம், எசென்குல் பெரியவருக்கு ஞாயிற்றுக்கிழமை நினைவு விருந்து என்று. முல்லா மட்டும் ஓத வர மறுத்துவிட்டார்.

"ஆளு இன்னிக்குக் காலையிலகூட என்னைத் திட்டினாருப்பா. அவருக்கு எப்படி ஓதறது?"

ஞாயிறு மதியம் ஊரே என் வீட்டில் உட்கார்ந்திருந்தது. கறி வெந்தபோது வெளியே குளம்புச் சத்தம் கேட்டது. பெரியவர் குதிரையை விட்டு இறங்காமலே கத்தினார்.

"எனக்கு என்னடா அறுத்தீங்க?"

"ஆடு, பெரியவரே."

"ஆடா? பக்கத்து வீட்டுக் குடிகாரன் செத்ததுக்கே குதிரை அறுத்தாங்க! எனக்கு ஆடா?"

இறங்கி உள்ளே வந்தார். நடு இடத்துக்கு அழைத்தோம். செத்தவனுக்கு அங்கே என்ன வேலை என்று சொல்லிவிட்டு, கதவோரம், கடைசி ஆள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். மகன் பக்கம் திரும்பவே இல்லை.

ஆட்டுத் தலையை எடுத்துக்கொண்டு போனேன். அப்பாவின் நினைவு விருந்தில் அது மகனுக்குத்தான், முறை அதுதான். கொண்டுபோய்த் தோரோன்பெக் முன்னால் வைத்து, பக்கத்தில் கத்தியையும் வைத்தேன். இந்தத் தடவையும் அவன் கத்தியை எடுத்தால் அந்தக் கிழவர் இனி ஜென்மத்துக்கும் பேசமாட்டார். பெரியவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் மூச்சு விடவில்லை.

தோரோன்பெக் கத்தியைத் தொடவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். உட்கார்ந்திருந்தவர்கள் முட்டியிலெல்லாம் இடித்துக்கொண்டு கதவோரம் போய், அப்பா முன்னால் மண்டியிட்டான்.

"அப்பா, நீங்க சாகல. நான்தான் ஊரு உலகம் பாக்க அப்படிக் காட்டிட்டேன். தப்புப்பா."

அங்கேயே கிடந்த கத்தியை நான் எடுத்து வந்து நீட்ட, பெரியவர் அதை வாங்கி, ஆட்டின் ஒரு காதை அறுத்தார். காது எப்போதும் வீட்டிலுள்ள சின்னப் பிள்ளைகளுக்கு, பெரியவர்கள் சொல் கேட்டு வளரட்டும் என்று கொடுப்பது. பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். பெரியவர் அவர்களை விலக்கிவிட்டு, காதை மகனிடம் நீட்டினார்.

"தின்னு. அன்னிக்கே தலையை என்கிட்ட குடுத்திருந்தா, அன்னிக்கே இதைக் குடுத்திருப்பேன். நாட்டை நல்லா ஆண்டிருப்ப."

ஐம்பத்தெட்டு வயது தோரோன்பெக் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அவன் மென்று முடிக்கும்வரை பெரியவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.