அக்காவின் முடி மாத்திரை

பதினாறு வருடமாகச் சின்னவளின் தைராய்டு ரிப்போர்ட் ஒழுங்குப் பிள்ளையாக இருந்தது. இந்த முறைதான் டி.எஸ்.எச். தரையைத் தொட்டிருந்தது.

"இது இவ்வளவு இறங்கியிருக்குன்னா, மாத்திரை உங்களுக்கு அதிகமாயிடுச்சும்மா," என்றார் டாக்டர். "எதுக்கும் இன்னொரு தடவை டெஸ்ட் எடுங்க. இப்படியே வந்தா பாதியாக் குறைச்சிடலாம்."

பாதி என்றதும் அவள் பயந்துவிட்டாள். சரியான அளவு பிடிபடாத அந்த முதல் வருடத்தை அவள் மறக்கவில்லை. முகம் வீங்கி, எந்நேரமும் தூக்கம் சொக்கி, வகுப்பில் பாதிப் பாடத்தில் என்ன சொல்ல வந்தோம் என்று முழித்துக்கொண்டு நின்ற காலம் அது. டீச்சர் வேலையே போயிருக்கும்.

முதன்முதலில் இந்த வியாதியைக் கண்டுபிடித்தது டாக்டர் அல்ல, அக்காதான். சின்னவளுக்குத் தலை வாரிவிடும்போது சீப்போடு கொத்தாக முடி வந்தது. "இது எனக்கு வந்த அதே கழுத்து வியாதிடி, கிளம்பு," என்று கையோடு லேபுக்கு இழுத்துப் போனாள். அன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை இருவரும் ஜோடியாகத்தான் போவார்கள். வெறும் வயிறு, அதே ஜன்னலோர பெஞ்சு, ரத்தம் கொடுத்த பிறகு போட அக்காவின் பையில் இரண்டு தைராய்டு மாத்திரை. ஊரையே வாயால் மடக்கும் அக்கா, ஊசியைக் கண்டால் சின்னவளின் கையை நசுக்கிவிடுவாள். என்ன சுகமான காலைகள் அவை.

அக்கா போய் நான்கு மாதம் ஆகிறது.

மறு டெஸ்டுக்கு அதே லேபுக்குப் போனாள். அங்கே ரத்தம் எடுக்கும் அம்மாவுக்கு இருவரையும் நன்றாகத் தெரியும். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஊசியைக் கீழே வைத்தார். "புதுசா ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

"இல்லையே."

"சத்து மாத்திரை? முடிக்கு?"

சின்னவள் தயங்கித் தயங்கிக் கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். "இது அக்காவோடது. பாதியில விட்டுட்டுப் போயிட்டா. தூக்கிப் போட மனசு வரல. தினம் ஒண்ணு போட்டுக்கறேன்."

அந்த அம்மா டப்பாவைத் திருப்பிப் படித்தார். "இதுல பயோட்டின் நிறைய இருக்கு. இது ரத்தத்துல இருந்தா எங்க மெஷின் ஏமாந்து போயிடும். உங்க தைராய்டு நல்லாதான் இருக்கும், ரிசல்ட்தான் தப்பா வரும். இன்னைக்கு எடுக்க வேண்டாம். டாக்டர்கிட்ட நான் சொல்லிடறேன். ஒரு வாரம் இதை நிறுத்திட்டு வாங்க."

ஒரு வாரம் கழித்து அதே பெஞ்சில் தனியாக உட்கார்ந்தாள். ஊசி இறங்கியபோது வலிக்கவில்லை. கையை நசுக்க ஆள் இல்லாததுதான் வலித்தது.

டி.எஸ்.எச். பழைய இடத்துக்கே வந்திருந்தது. "அளவை மாத்த வேண்டாம்," என்றார் டாக்டர். "அந்த முடி மாத்திரை மட்டும் இனிமே வேண்டாம்."

வீட்டுக்கு வந்து டப்பாவை மேஜைமேல் வைத்தாள். இன்னும் பதினொன்று இருந்தன. இந்த மாத்திரையைப் போடு, போடு என்று அக்கா எத்தனை வருடம் நச்சரித்திருப்பாள். இவள் ஒரு நாளாவது காதில் வாங்கியிருப்பாளா?

"வாழ்க்கையில ஒரே ஒரு தடவை உன் பேச்சைக் கேட்டேன்க்கா," என்றாள் டப்பாவிடம். "என்ன ஆச்சு பாத்தியா?"

சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே அழுகையாகிவிட்டது.