சஹனுக்கு நாலாவது ஆள்

என் நாவலின் மூன்றாம் அத்தியாயத்தில் சேக் அலாவுதீனைக் கொன்றேன். கடலுக்குப் போனவரைக் கரைக்குக் கொண்டுவந்து, ஜனாஸா தொழ வைத்து, அடக்கி, மூன்றாம் நாள் பாத்திஹாவும் ஓதி முடித்தேன். ஒன்பதாம் அத்தியாயத்தில் மனிதர் கல்யாண வீட்டில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

எப்படி வந்தார் என்பது எனக்குத் தெரியும். எங்கள் விருந்துகளில் சஹன் என்கிற ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுவார்கள். கதையில் மூன்று பேர் உட்கார்ந்துவிட்டார்கள். நாலாவது ஆள் இல்லாமல் சோறு ஆறிக்கொண்டிருந்தது. எழுதுகிற வேகத்தில் வாய்க்கு வந்த பெயரைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டேன். பசித்தவர்களைக் காக்க வைப்பது எனக்கு ஆகாது.

எழுதுவதை வாரம்தோறும் வாசித்து, ஷார்ஜாவில் இருக்கும் என் மச்சான் ஷகீலுக்கு வாய்ஸ் மெசேஜாக அனுப்புவேன். என் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சாப்பிடும்போது அவரோடு அறையில் தங்கியிருக்கும் எல்லாரும் போட்டுக் கேட்பார்கள். இந்த வெள்ளிக்கிழமை காலையும் அனுப்பினேன். சாயங்காலம் காரைக்கால்மேட்டு மீனை எண்ணெய்ச் சட்டியில் போடும்போதுதான் உறைத்தது. மானம் கப்பலேறிவிட்டது. உடனே போன் போட்டேன்.

“மச்சான், அத கேக்காதீங்க. அழிச்சிடுங்க. நான் இனிமே எழுதல.”

“ஏன், என்னாச்சு?”

“மவுத்தான மனுசனுக்குப் பிரியாணி போட்டுருக்கேன். நானெல்லாம் நாவல் எழுதுனா ஊரே சிரிக்கும். மொத்தத்தையும் அழிக்கப் போறேன்.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அடுப்புக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே திருடித் திருடி எழுதியது.

அவரோ சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“கேட்டாச்சு புள்ள. இங்க பெரிய சண்டையே நடக்குது. இக்பால் அது ஜின்னுங்குறான். முத்து முகம்மது, மொதல்ல அடக்குனதே வேற ஆளுங்குறான்.”

“ஜவஹர் அலி காக்கா என்ன சொன்னாங்க?”

அந்த அறையில் அவர் மட்டும் வாயே திறக்க மாட்டார். போன வருடம் அவருடைய வாப்பா இறந்தபோது லீவு கிடைக்கவில்லை. ஜனாஸாவைப் போனில்தான் பார்த்தார்.

மச்சான் சிரிப்பை நிறுத்தினார்.

“அவருதான் சொல்லச் சொன்னாரு. ‘தங்கச்சிய அழிக்க வேணாம்னு சொல்லுங்க. அந்தப் பெரியவரு வயிறாரச் சாப்புட்டு எந்திரிக்கட்டும். கதைய முடிக்கட்டும், அப்புறமா அடக்கிக்கலாம்’னாரு.”

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. சட்டியில் மீன் தீய்ந்துகொண்டிருந்தது.

“சரி, பத்தாவது எப்ப வரும்? அடுத்த வெள்ளிக்கெழம வெறுஞ்சோத்த எப்படித் திங்குறது?” என்றார்.

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். பத்தாம் அத்தியாயத்தின் முதல் வரியை எழுதினேன்.

‘சேக் அலாவுதீன் மறுசோறு கேட்டார்.’