முப்பத்தெட்டு

மொன்டானா மலைகளில் வேட்டைக்காரர்களுக்கு வழிகாட்டியாக இருந்தவர் வெர்லின் ஸ்ட்ரௌட். அவர் ரிவால்வரில் முப்பது வருஷமாக வலு மிகுந்த மேக்னம் தோட்டாதான். அறுபத்தெட்டு வயதில் மணிக்கட்டு வீங்கியது. சுடும்போது துப்பாக்கி பின்னுக்கு உதைப்பதற்குப் பயந்து, விசையை அழுத்தும்போதே கை தானாக வெட்டி இழுத்தது.

"அதே துப்பாக்கியில முப்பத்தெட்டு ரகத் தோட்டாவும் போகும். வலுவும் கம்மி, உதையும் கம்மி. எத்தனை தடவை சொல்றது?" என்பாள் மனைவி டார்லா.

"அது உன்ன மாதிரி ஆளுங்களுக்கு."

"என்ன மாதிரி ஆளுங்களுக்குக் குறி தப்பாது. அதான் உனக்கு எரியுது."

அக்டோபரில் இருவரும் மலையிலிருந்து இறங்கும்போது ஜூனிப்பர் என்ற அவருடைய குதிரை பாறையில் சறுக்கி முன்னங்காலை முறித்துக்கொண்டது. எலும்பு வெளியே வந்துவிட்டது. இனிப் பிழைக்காது என்று அவருக்குத் தெரியும். நெற்றிக்கு நேரே வைத்துச் சுட்டார். கை வெட்டியதில் தோட்டா தாடையைப் பெயர்த்தது. குதிரை அலறிக்கொண்டு எழப் பார்த்தது. இரண்டாவது தோட்டா கழுத்தில் பாய்ந்தது. டார்லாதான் துப்பாக்கியைப் பிடுங்கி, மூன்றாவதில் முடித்துவைத்தாள்.

மறுவாரம் அவர் கடைக்குப் போய் அந்த முப்பத்தெட்டு ரகத்தை வாங்கினார்.

"என்ன வெர்லின், வயசாயிடுச்சா?" என்று கடைக்காரர் சிரித்தார்.

"அது எப்பவோ ஆயிடுச்சு."

தொழுவத்துக்குப் பின்னால், டார்லா பார்த்துக்கொண்டிருக்க, ஆறு காலி டப்பாக்களை வைத்துச் சுட்டார். கை அசையவில்லை. ஆறும் விழுந்தன. அவர் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"போன வருஷமே மாத்தியிருந்தா, ஜூனிப்பர் ஒரே குண்டுல போயிருக்கும், டார்லா."

இல்லை என்று சொல்ல டார்லாவுக்கு மனம் இருந்தது. ஆனால் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"ஆமா," என்று சொல்லி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.