ஐந்து இருபது லாரி

1.

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் தெரிந்து நீங்கள் நோட்டை மூடிவிடக் கூடாது. பொய் சொன்னவள் நான். வயது பதினாறு. சமையலறைத் தரையில், கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். இரவு மணி ஒன்றரை. காலை பத்து மணிக்கு அம்மா ஒரு தாளில் கையெழுத்துப் போடப்போகிறாள். போட்டால் வேலை போய்விடும். வேலையோடு பெயரும் போய்விடும். அதற்குள் இதை முடிக்க வேண்டும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"நீல நிற லாரி ஒன்று தினமும் மாலை ஐந்து இருபதுக்கு அந்தச் சாலையில்—"

வேண்டாம். லாரி இருந்தது என்று நம்பிவிடுவீர்கள். ஏற்கெனவே ஒருவர் எழுதிவைத்துக்கொண்டு அலைகிறார்.

அடுத்து: "என் அம்மா வண்டி எண்ணுகிறவள்."

இது உண்மை. இதைப் பிடித்துக்கொண்டே போகிறேன்.

2.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் போகும் பெரிய சாலை ஒரு கம்பெனி போட்டது. அதில் போகிறவர்களை யாரும் நிறுத்திக் காசு கேட்பதில்லை. சும்மா போகிறோம் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். சும்மா இல்லை. எத்தனை வண்டி போகிறதோ அத்தனைக்கும் அரசாங்கம் கம்பெனிக்குப் பணம் கொடுக்கிறது. காருக்கு ஒரு பங்கு என்றால் பெரிய லாரிக்கு ஆறு பங்கு.

எண்ணுவது ஒரு கறுப்பு ரப்பர் குழாய். சாலைக்குக் குறுக்கே படுத்திருக்கும். சக்கரம் ஏறினால் உள்ளே இருக்கும் காற்று ஓடிப்போய், ஓரத்து அறையில் இருக்கும் பெட்டியில் முட்டும். பெட்டியில் சிவப்பு விளக்கு ஒரு தடவை மினுக்கும். டப், டப் என்று இரண்டு வந்தால் கார். டப்… டப்டப் என்று வந்தால், முன்னால் ஒரு ஜோடிச் சக்கரம், பின்னால் ஒட்டினாற்போல் இரண்டு ஜோடி: பெரிய லாரி. அந்தப் பெட்டிக்குத்தான் அம்மா காவல். ஒரு மேசை, கிறீச்சிடும் ஒரு ஃபேன், ஒரு ரிஜிஸ்டர்.*

* இந்தப் பகுதி பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது, தெரியும். இது புரியாவிட்டால் என் அம்மா உங்கள் கண்ணுக்குத் திருடியாகத் தெரிவாள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

3.

எங்கள் வீட்டுக் கதவை நாங்கள் தட்டுவது எப்போதும் ஒரே மாதிரி. டப்… டப்டப். அப்படித் தட்டினால் வீட்டு ஆள். வேறு மாதிரித் தட்டினால் வேற்றாள். அம்மா தலையைச் சரிசெய்துகொண்டுதான் திறப்பாள்.

பள்ளி விட்டதும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். எண்ணும் அறைக்குள் வெளியாள் நுழையக் கூடாது. அதனால் சாலை ஓரத்து மண்ணில் கிடக்கும் குழாயின் வாலை மிதிப்பேன். டப்… டப்டப். உள்ளே விளக்கு மினுக்கும்.

"மகாராணி வந்தாச்சு" என்று அம்மா பையை எடுப்பாள்.

மிதித்தால் கணக்கில் ஏறாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் முதல் நாளே கேட்டேன். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சோதனை சுவிட்ச் இருந்தது. மேலே தள்ளினால் விளக்கு மினுக்கும், கணக்கில் ஏறாது. தினமும் வேலை முடிகிறபோது விளக்கு வேலை செய்கிறதா என்று பார்த்து ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். மற்ற இடங்களில் ஆட்களே வெளியே வந்து மிதித்துவிட்டு உள்ளே ஓடிப் பார்ப்பார்களாம். அம்மா ஐந்து இருபதுக்கு சுவிட்சை மேலே தள்ளிவிட்டு உட்கார்ந்திருப்பாள். என் காலே அவளுடைய சோதனை.

4.

இப்போது குடைக்காரர் வருகிறார். அரசாங்கத்திலிருந்து எண்ணிக்கையைச் சரிபார்க்க வந்தவர். கம்பெனி ஆபீஸிலேயே அவருக்கு ஒரு அறையும் மேசையும் கொடுத்திருக்கிறார்கள். மழையும் இல்லை வெயிலும் இல்லை, ஆனாலும் குடை. போன வாரம் அம்மா உள்ளே ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தபோது, வெளியே நின்ற என்னிடம் வந்தார்.

"என்ன பாப்பா, ஸ்கூல் விட்டாச்சா?"

"ஆச்சு சார்."

"தினமும் இந்நேரம் இங்கதான் நிப்பியா?"

"ஆமா சார்."

"அப்ப உனக்குத்தான் தெரியும். நாப்பத்தி மூணு நாளா, டாண்ணு அஞ்சு இருபதுக்கு ஒரு பெரிய லாரி இங்க ஏறுது. மூணு கிலோமீட்டர் தள்ளி அடுத்த குழாய்ல அது ஏறவே இல்ல. நடுவுல ஒரு சந்துகூட கிடையாது. சனி ஞாயிறு லீவு வேற எடுத்துக்குது. லாரியை ரோடு முழுங்கிடுச்சாம்மா?"

என்னைச் சிரிக்கவைக்கத்தான் அப்படிக் கேட்டார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அம்மாவைப் பிடிக்க வந்திருக்கிறார் என்றுதான் தோன்றியது.

"போகும் சார். நீலக் கலரு."

"நீ பார்த்திருக்கியா?"

"தார்ப்பாய் போட்டிருக்கும் சார். டிரைவர் அண்ணன் கை காட்டுவாரு. கொஞ்ச தூரம் போயிட்டு, டீ குடிச்சுட்டுத் திரும்பிடுவாரு."

அவர் ஒவ்வொரு சொல்லையும் எழுதிக்கொண்டார். தார்ப்பாயைக்கூட. அன்றைக்குப் பிறகு பயத்தில் நான் குழாய்ப் பக்கமே போகவில்லை.

(நான் எழுதிய முதல் கதை அதுதான். எழுதியது அவர் பேனாவால்.)

5.

அந்த டிரைவர் அண்ணனைப் பற்றி எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. இடது காதில் கொஞ்சம் மந்தம். வழியில் நாய் படுத்திருந்தால் இறங்கி எழுப்பிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். அவர் இல்லவே இல்லை, ஆனாலும் அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். சந்தேகம் எல்லாம் அம்மா மேல்தான். அவளுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று

[இதை முடிக்க வரவில்லை. பிறகு வருகிறேன்.]

நேற்று கம்பெனி மேனேஜர் அறையில் விசாரணை. நான் வராந்தாவில் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் நின்றேன்.

"லாரி திரும்பி வந்தா மறுபடி இந்தக் குழாய் மேலதானேம்மா ஏறணும்?" என்று குடைக்காரர் மெதுவாகத்தான் கேட்டார். பிறகு என் சாட்சியைப் படித்தார். நீலம், தார்ப்பாய், அண்ணன், டீ.

மேனேஜர் சொன்னார்: "பொண்ணுக்கு நல்லா சொல்லிக் குடுத்திருக்கே."

குடைக்காரர் கிளம்பிப் போனதும், மேனேஜர் ஒரு தாளை நீட்டி, அம்மா சொல்வதாக அதில் இருந்ததை வாசித்தார். "எண்ணிக்கையைக் கூட்டுவதற்காகக் குழாயை நானே மிதித்தேன். கம்பெனிக்கு இது தெரியாது." நாற்பத்து மூன்று லாரிக்கு வாங்கியதைக் கம்பெனி திருப்பிக் கொடுத்துவிடும். அம்மா போய்விடுவாள். விஷயம் முடிந்துவிடும்.

சாப்பிட்ட தட்டைக் கழுவும்போது அம்மா கேட்டாள்.

"ஏன்டி அப்படிச் சொன்னே?"

"பயமா இருந்துச்சும்மா."

"பயந்தா ஆளுங்க அழுவாங்க. நீ லாரி விட்டிருக்கே. அதுவும் தார்ப்பாயோட."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும். அவள் முதலில் நிறுத்தினாள்.

"அம்மா, அஞ்சு இருபதுக்கு நான்தானே மிதிப்பேன்…"

"சுவிட்சு மேலதான் இருந்துச்சு. வாயை மூடிட்டுப் படு. இதுல உன் பேரே வரக் கூடாது."

6.

கதையில் ஒரு பொருள் கிடைக்க வேண்டும் என்றால், அது தற்செயலாகக் கிடைத்தால் நன்றாக இருக்காது. ஆனால் எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

மூன்றாம் பகுதியில் நின்றுபோய், என்ன எழுதுவது என்று தெரியாமல் இந்த நோட்டின் அட்டையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன். வழவழப்பான தடித்த தாள். இரண்டு மாதத்துக்கு முன் பழைய பெட்டி கெட்டுப்போய்ப் புதுப்பெட்டி வந்தது. பார்க்க அச்சு அசலாகப் பழையது மாதிரியே. அதே இடத்தில் அதே சுவிட்ச். அதோடு வந்த விவரத்தாளை அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்தாள். நல்ல தாள் கிடைத்தால் அவள் விடமாட்டாள். இந்த நோட்டுக்கு அட்டை போட்டுக் கொடுத்தாள்.

மடித்து ஒட்டிய உள்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது:

"பக்கவாட்டு சுவிட்ச் திரையின் வெளிச்சத்துக்கு மட்டும். இந்த மாடலில் சோதனை வசதி இல்லை. எல்லாத் தட்டல்களும் பதிவாகும்."

அதை மூன்று தடவை படித்தேன். நாற்பத்து மூன்று நாள் "வாம்மா, வீட்டுக்குப் போகலாம்" என்று காலால் கூப்பிட்டிருக்கிறேன். நாற்பத்து மூன்று தடவையும் அரசாங்கம் அதற்கு ஆறு பங்கு கொடுத்திருக்கிறது.

முன்னால் விட்ட வாக்கியத்துக்கு இப்போது வருகிறேன். மடித்து ஒட்டும்போது அம்மா இதைப் படித்தாளா? படித்திருந்தால் என்னை மிதிக்க விட்டிருக்கமாட்டாள். ஆனால் நேற்று குடைக்காரர் "அஞ்சு இருபது" என்று சொன்னபோது, அம்மா வராந்தாப் பக்கம் திரும்பினாள். டிரம்முக்கு அடியில் என் ஷூ தெரிந்திருக்கும். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். தெரிந்துதான் கையெழுத்துப் போடப்போகிறாள்.

கதை எழுதுகிறவளுக்கு இது நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை.

7.

முடிவு ஒன்று: நோட்டை அடுப்பில் வைத்துவிடுகிறேன். அம்மா கையெழுத்துப் போடுகிறாள். என் பெயர் எங்கேயும் வரவில்லை. நான் நன்றாகப் படித்து—

[அடித்துவிட்டேன். படிக்க முடிகிறபடிதான் அடித்திருக்கிறேன்.]

முடிவு இரண்டு: நான் உண்மையைச் சொல்கிறேன். எல்லோரும் சிரிக்கிறார்கள். அம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைக்கிறது. எனக்கே நம்பிக்கை வரவில்லை.

முடிவு மூன்று: நான் சொல்கிறேன். ஆனாலும் பிள்ளையை மிதிக்கவிட்டது தப்பு என்று வேலை போகிறது. அப்போது அவள் கவனக்குறைவாக இருந்தவள், அவ்வளவுதான். திருடி இல்லை. இதுதான் நடக்கும் என்று பயமாக இருக்கிறது. இதற்காகத்தான் எழுதிக்கொண்டும் இருக்கிறேன்.

இவ்வளவு நேரம் யாரோ ஒரு வாசகரிடம் பேசுகிற மாதிரி எழுதினேன். அதுவும் ஒரு சின்னப் பொய். ஒரே ஒருவரை நினைத்துத்தான் எழுதினேன். குடைக்காரர் என்று எழுதியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள், சார். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது.

ஒன்பதரைக்கு இந்த நோட்டு உங்கள் மேசையில் இருக்கும். அட்டையைக் கிழிக்காமல் மெதுவாகப் பிரியுங்கள். முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பேனா உங்களிடம்தான் இருக்கிறது. நான் வெளியே நிற்பேன் என்று சொல்ல ஆசை. பயந்து ஓடிப்போயிருந்தாலும் இருப்பேன். அப்படி ஆனாலும் பத்து மணிக்குள் மேனேஜர் அறைக்குப் போய்விடுங்கள்.

ஓடாமல் நின்றுவிட்டேன் என்றால் உங்கள் கதவில் சத்தம் கேட்கும். டப்… டப்டப்.

லாரி என்று எழுதிவிடாதீர்கள், சார். அது வீட்டு ஆள்.