அரியமுத்துவின் மெஷின்

2003 ஆவணி மாதம், பெரம்பலூரில் ஒரு ஆஸ்பத்திரியின் மாடி அறையில் அன்று காலை டாக்டர் வந்துபோன பிறகு இருந்தவர்கள் ஐந்து பேர். கட்டிலில் கீழப்பழுவூர் ஐயம்பெருமாள். கால்மாட்டில் அவர் மனைவி அமிர்தவல்லி. ஜன்னலோரம் மகன் அன்பழகன், பக்கத்தில் மருமகள் மலர்க்கொடி. ஐந்தாவது ஆள் ஜெகதாம்பாள். அவள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. ஆறாவது ஆள் கிடையாது. நேரில் பார்த்ததாகப் பிற்பாடு கதை சொன்னவர்கள் யாரும் அன்று பெரம்பலூர் பக்கமே வரவில்லை.

மாசியில் வரப்பில் நடந்துகொண்டிருந்த ஐயம்பெருமாள் மயங்கி விழுந்தார். நாடி நாற்பதைத் தொடவில்லை. திருச்சிக்குக் கொண்டுபோய் இடது மார்பில் தோலுக்கடியில் இதயத் துடிப்பை ஓட்டும் பேஸ்மேக்கர் மெஷின் வைத்தார்கள். அறுபத்தாறு வயதில் மனிதர் மறுபடி நிமிர்ந்து நடந்தார். ஆடி பிறந்ததும் மெஷின் இருந்த இடம் சிவந்து வீங்கியது. வலி என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். துண்டை இடது தோளில் அகலமாகப் போட்டு மறைத்தார். மூன்று வாரம் கழித்து அந்தத் துண்டைத் துவைக்க எடுத்த அமிர்தவல்லி, அதில் சீழ்க்கறையைப் பார்த்துத்தான் விஷயம் வெளியே வந்தது.

"மெஷினையும் கம்பியையும் மொத்தமா எடுத்தாகணும்" என்றார் டாக்டர். "புண்ணு ஆறுற வரைக்கும் வெளியிலேருந்து ஒரு கம்பி இதயத்தை ஓட்டும். அப்புறம் வலது பக்கம் வேற வைக்கலாம்."

அவர் அந்தப் பக்கம் போனார், இந்தப் பக்கம் ஜெகதாம்பாள் வந்து நின்றாள்.

அவள் அரியமுத்துவின் பெண்சாதி. அரியமுத்து, ஐயம்பெருமாளுக்குச் சித்தப்பா மகன். ஒரே குலத்துப் பங்காளி. ஐயம்பெருமாளின் அப்பா கருமாதிப் பந்தியில், தன்னை இரண்டாவது வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று, சோறு போட்ட இலையைத் தொடாமல் மூடிவிட்டு எழுந்து போனவன் அரியமுத்து. முன்னூறு பேர் பார்த்தார்கள். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம் அந்த வீட்டிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் ஐயம்பெருமாள் வாங்கவில்லை. இந்தத் தை மாதம் ரெட்டிபாளையம் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரி மோதி அரியமுத்து செத்தபோதும் போகவில்லை. பங்காளி செத்தால் பிணம் எடுக்கும்வரை அடுப்பு பற்ற வைக்கக்கூடாது. இவர் அன்று அடுப்பைப் பற்ற வைக்கச் சொல்லி, உலை கொதிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

ஜெகதாம்பாள் அவரைப் பார்த்துப் பேசவில்லை. புருஷனுக்கு அண்ணன் முறையான மூத்தாரிடம் நேருக்கு நேர் பேசும் வழக்கமில்லை. அமிர்தவல்லியிடம்தான் சொன்னாள்.

"எப்புடி இருக்காருக்கா? சீழ் வச்சிருச்சாமே. எங்க வூட்டுக்காரரு நெஞ்சில நாலு வருஷம் கெடந்துச்சு, ஒரு எறும்புக்கடி மாதிரிகூட இருந்ததில்ல."

மலர்க்கொடி டம்ளரைத் தேடுகிறவள்போலக் குனிந்துகொண்டாள். அன்பழகன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

"எது கெடந்துச்சு?" என்றார் ஐயம்பெருமாள்.

அமிர்தவல்லி கால்மாட்டில் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"அன்பு. உன்னைத்தான் கேக்குறேன்."

"அரியமுத்து சித்தப்பாவோட மெஷின்ப்பா அது. தீயில வச்சா வெடிக்கும்னு சுடுகாட்டுக்கு எடுக்குறதுக்கு முன்னாடியே டாக்டரை வச்சு எடுத்துட்டாங்க. சின்னம்மா பத்திரமா வச்சிருந்தாங்க. நீங்க விழுந்தப்ப நான் போயி கேட்டேன்."

"எடுத்தப்ப நீ பாத்தியா?"

"பாத்தேன். கூடத்தான் இருந்தேன்."

"அவன் செத்த அன்னிக்கு பேக்டரில ரெண்டு ஷிப்ட்டுன்னு சொன்ன."

"சொன்னேன்."

"செத்தவன் நெஞ்சுல கெடந்ததை எனக்கு வச்சுத் தச்சிட்ட."

"சுத்தம் பண்ணித்தான்ப்பா வச்சாங்க. கம்பி புதுசு. புது மெஷினா இருந்தாலும் சீழ் புடிக்கும்னு டாக்டரே சொல்றாரு. புதுசு வாங்கணும்னா மேட்டுக்காட்டை வித்திருக்கணும். உசுரே போனாலும் அதை விக்கக் கூடாதுன்னு தாத்தா படத்துக்கு முன்னாடி சத்தியம் வாங்குனது யாரு?"

"நெலத்தை விக்காதன்னு சொன்னேன். என்னை வித்துடுன்னு சொன்னனா?"

அவர் சத்தம் போடவில்லை. மனைவி பக்கம் திரும்பினார்.

"உனக்கும் தெரியும்."

"தெரியும்ங்க" என்றாள் அமிர்தவல்லி. "ஊரே வழிவிட நீங்க நெஞ்சை நிமித்திக்கிட்டு நடந்தீங்க. அதைப் பாத்துக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

பங்குனித் திருவிழாவில் அரியமுத்து வீட்டு வாசலைக் கடந்தது அவருக்கு நினைவு வந்தது. முகத்தைத் திருப்பாமல், நடையைக் குறைக்காமல் போனார். அந்த வீடு திண்டாடட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். அந்த நடைக்கு ஓட்டம் கொடுத்ததே அந்த வீட்டு மெஷின். வாசலில் நின்றிருந்த ஜெகதாம்பாளுக்கு அது தெரியும். பின்னால் குடை பிடித்து வந்த மகனுக்குத் தெரியும். தெரியாத ஒரே ஆள் அதைச் சுமந்துகொண்டு போனவர்தான். பகையாளி வெளியே இருக்கிறான் என்று இருபத்திரண்டு வருஷம் வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டுக்குள் எல்லோரும், யாரும் யாரையும் கேட்காமலே, அவருக்கு மறைப்பதில் சேர்ந்துகொண்டார்கள்.

"மேட்டுக்காட்டை வாங்க ஆளைப் பாரு" என்றார்.

"அப்பா, டாக்டருகிட்ட கேட்டு இதையே கழுவி—"

"வேண்டாம். சத்தியத்தை வாங்குனவன் நான். நானே திருப்பிக்கிறேன்."

வாசலில் ஜெகதாம்பாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "எடுத்ததும் அதை என்கிட்டயே குடுத்துரச் சொல்லுங்கக்கா. சாம்பலைக்கூட ஆத்துல கரைச்சாச்சு. அவரு ஒடம்புலேருந்து மிச்சம்னு வேற எதுவும் இல்ல."

ஐயம்பெருமாள் சுவரைப் பார்த்தபடி சொன்னார். "வரும்னு சொல்லு."

மேட்டுக்காடு போயிற்று. திருச்சியில் பழையதை எடுத்து, புண் ஆறியபின் வலது பக்கம் புதியது வைத்தார்கள். எடுத்ததை ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். நான் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன் என்று அன்பழகன் கையை நீட்டினான். அவர் கொடுக்கவில்லை. ஐப்பசியில் ஒரு மழைவிட்ட காலை, வெள்ளை வேட்டி கட்டி, தோளில் துண்டு போடாமல், தனியாக அரியமுத்து வீட்டு வாசலுக்கு நடந்தார். தெருவிலேயே நின்று இரண்டு கையாலும் டப்பாவைக் கொடுத்தார். ஜெகதாம்பாள் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உள்ளே போய் ஒரு செம்பு மோர் கொண்டுவந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் பேச்சு அரியலூர் வரைக்கும் போய்விட்டது. ஐயம்பெருமாள் பங்காளி வீட்டு மோரைக் குடித்துவிட்டார், இரண்டு வீடும் கூடிவிட்டது, எல்லாம் மகன் செய்த சாமர்த்தியம் என்றார்கள்.

அவர் மோர் குடிக்கவில்லை. தாகமில்லை என்றார், கொண்டுவந்த செம்பு நிறைந்தபடியே திரும்ப அவள் வீட்டுக்குள் போயிற்று. ஆவணியிலிருந்து தன் வீட்டிலும் அவர் யார் கையாலும் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. பானையில் அவரே மொண்டுகொள்கிறார்.