நான்காவது வளையம்

வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் ஆண்டிமடத்தில் எங்கள் வாசலுக்கு வந்து நின்ற பியூக் காருக்குப் பக்கத்துக்கு மூன்று ஓட்டைதான் இருந்தது. முன்சக்கரத்துக்கு மேலே, வெள்ளிபோல மின்னும் வளையம் போட்ட மூன்று ஓட்டை. நான் எண்ணினேன். என் கல்யாணமே அந்த எண்ணிக்கையை நம்பி இருக்கும்போது எண்ணாமல் என்ன செய்வேன்?

சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த வருஷத்துப் பியூக்கில் மூன்று ஓட்டை இருந்தால் சூப்பர், நான்கு இருந்தால் ரோடுமாஸ்டர். ரோடுமாஸ்டர்தான் ஒசத்தி. இந்தப் பாடமெல்லாம் அரியலூர்ச் சம்பந்தி வீட்டிலிருந்து வந்தது. அங்கே மூத்த மருமகள் சூப்பரோடு வந்திருக்கிறாளாம். இளையவள் அதற்கு ஒரு படி மேலே வரவேண்டுமாம். நாலு ஓட்டை வண்டி இல்லையென்றால் தைக்கு வேறு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள். பெண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா என்றுகூட யாரும் கேட்கவில்லை.

மறுநாளே அப்பா பாலிஷ் போடவேண்டுமென்று காரைத் திருச்சிக்கு அனுப்பினார். புதுக் காருக்கு எதற்குப் பாலிஷ்? புதன்கிழமை அது நான்கு ஓட்டையோடு திரும்பி வந்தது. கேட்டதற்கு, இருட்டில் நீ சரியாகப் பார்த்திருக்க மாட்டாய் என்றார். என் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

டிரைவர் ராசாங்கம் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா வரைக்கும் லாரி ஓட்டியவர். வண்டியைத் திருச்சிக்குக் கொண்டுபோனவரும் அவர்தான். போய்க் கேட்டேன். அவர் கார்க் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தவில்லை.

"எங்கிட்ட கேக்காதீங்கம்மா. நாளைக்கு வெளிய தெரிஞ்சா, ராசாங்கந்தான் வண்டிய மாத்திட்டான்னு சொல்லுவாங்க. அய்யா பேரு வராது."

அதற்கு மேல் நான் எதையும் கேட்கவேண்டியிருக்கவில்லை. அப்பா மேல் கோபம் கோபமாக வந்தது. ராசாங்கத்தின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாகவும் இருந்தது.

வியாழக்கிழமை மாப்பிள்ளையும் அவர் அப்பாவும் வண்டி பார்க்க வந்தார்கள். பெரியவர் இந்தப் பக்கம் எண்ணிவிட்டு, நம்பிக்கை வராமல் அந்தப் பக்கமும் போய் எண்ணினார். ஓட்டை எண்ணிப் பெண் எடுக்கிறவருக்குச் சந்தேகம் வராதா என்ன.

மாப்பிள்ளை சிவசுப்பிரமணியன் காலேஜில் படித்தவர். முதல் ஓட்டைக்குள் சுட்டுவிரலை விட்டார். பாதி விரல் போனது. இரண்டாவதிலும் போனது, மூன்றாவதிலும் போனது. நான் காபித் தட்டோடு வாசற்படியில் நின்றிருந்தேன். நான்காவதில் நகம்கூட நுழையவில்லை. தகரத்தின்மேல் வெறும் வளையத்தை ஒட்டி, நடுவில் கறுப்பைப் பூசியிருந்தார்கள்.

அப்பா சட்டென்று ராசாங்கத்தைப் பார்த்தார். ராசாங்கம் கையைக் கட்டிக்கொண்டு தலைகுனிந்து நின்றார்.

"என்னடா, எல்லாம் சரியாத்தான் இருக்கா?" என்றார் பெரியவர், அந்தப் பக்கத்திலிருந்து.

மாப்பிள்ளை என் அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நிதானமாகத்தான் பார்த்தார்.

"ரோடுமாஸ்டர்தாம்ப்பா. சரியா இருக்கு."

நல்ல மனுஷர் என்று நினைப்பதா, ஆயுசுக்கும் சொல்லிக்காட்ட ஒன்றை முடிந்து வைத்துக்கொண்டார் என்று நினைப்பதா? கிட்டே போய்த் தட்டை நீட்டினேன். காபியைக் குடித்துவிட்டு டம்ளரைத் தட்டில் வைத்தார். துலக்கிய வெள்ளி டம்ளரில் அவருடைய விரல் கறுப்பாகப் பதிந்திருந்தது. பெரியவர் இந்தப் பக்கம் வருவதற்குள் முந்தானையால் அழுத்தித் துடைத்தேன். கறுப்பு முந்தானைக்கு வந்துவிட்டது.